வெறும் வயிற்றில் ஒளியும் சர்க்கரை

ஸ்ரீபெரும்பூதூரில் ஆதிகேசவப் பெருமாளையும், 120 ஆண்டுகள் வாழ்ந்தருளினார் என மரபு போற்றும் எம்பெருமானாரின் 'தானுகந்த திருமேனி'யையும் சேவித்துவிட்டு, ஒரகடம் வழியே வல்லக்கோட்டை முருகனைத் தரிசிக்கச் செல்லும் அன்பர்கள் வழிநெடுகக் காண்பது கார், டயர்த் தொழிற்சாலைகளையும் பணியாளர் பேருந்துகளையும்தான். பிள்ளைகளின் வேலையை முன்னிட்டு இப்பகுதிக்குக் குடிபெயர்ந்த முதியோர் பலர். அவர்களுள் இதயச் சிகிச்சை முடித்து, மாத்திரைகளைத் தவறாது உட்கொண்டு வருவோர்க்கே இதை முதன்மையாக எழுதுகிறேன்.

"எனக்குச் சர்க்கரை இல்லை" என இவர்களுள் பலர் உறுதியாகக் கூறுவர். வெறும் வயிற்றில் எடுத்த ஒரு பரிசோதனையே அதற்குச் சான்று. அச்சான்று போதாது.

சுவீடன் நாட்டு மருத்துவர்கள் 2002-இல் 'லான்செட்' இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். மாரடைப்புக்கு ஆளான, அதுவரை நீரிழிவு உள்ளதாக அறியப்படாத 181 பேர் அதில் இடம்பெற்றனர். 75 கிராம் குளுக்கோஸ் கரைத்த நீரைப் பருகச் செய்து, இரண்டு மணி நேரம் கழித்து இரத்தத்தைச் சோதித்தனர். வீடு திரும்பும் வேளையில் 31 விழுக்காட்டினருக்கு நீரிழிவு புலப்பட்டது. மாரடைப்பின் அதிர்ச்சியால் வந்த தற்காலிக ஏற்றம் என்று இதை ஒதுக்கிவிடவும் இயலவில்லை. மூன்று மாதம் கழித்தும் 25 விழுக்காட்டினர் நீரிழிவு நிலையிலேயே இருந்தனர். மேலும் 40 விழுக்காட்டினர் அதன் வாயிலில் நின்றனர். இது குளிர்நாட்டுக் கணக்கு. நம் நாட்டிலோ பத்துக் கோடிப் பேருக்கு நீரிழிவு உண்டென இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023-இல் மதிப்பிட்டது.

வங்கியில் ஒரு நாள் மாலை இருப்பை மட்டும் கண்டு ஒரு கணக்கை மதிப்பிட்டுவிட முடியாது. வெறும் வயிற்றுச் சர்க்கரையும் அத்தகையதே. பலருக்குக் காலையில் அளவு சீராகவே இருக்கும். உணவுக்குப் பின்னரே ஏறும். எச்.பி.ஏ.1.சி. என்பது மூன்று மாதச் சராசரி இருப்பைப் போன்றது, அது 6.5 விழுக்காட்டை எட்டினால் நீரிழிவு. ஆயினும் இரத்தசோகை உள்ளவர்களுக்கு இவ்வளவு பிறழக்கூடும். வெறும் வயிற்றில் 126 மில்லிகிராம், குளுக்கோஸ் அருந்தி இரண்டு மணி நேரத்தில் 200 என்பவை மற்ற எல்லைகள்.

அறியப்படாத சர்க்கரை நரம்புகளை மழுங்கச் செய்யும். அடுத்த மாரடைப்பு நெஞ்சுவலியின்றி, மூச்சுத்திணறலாகவோ வியர்வையாகவோ மட்டும் வந்து போகலாம். இதையே நான் மிகவும் அஞ்சத்தக்கதாகக் கருதுகிறேன். முன்கூட்டியே அறிந்தால், இதயத்துக்கும் நலம் செய்யும் நீரிழிவு மருந்துகள் இன்று உள்ளன, மருத்துவர் தேர்ந்தளிப்பார்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் பணியாளர்கள் இல்லந்தோறும் வருகின்றனர். அவர்களிடம் இதய நோய் உண்டென்பதையும் தவறாது சொல்லுங்கள். இரவுப் பணிக்குச் செல்லும் மகனையும் சோதித்துக்கொள்ளச் செய்யுங்கள். நீரிழிவு உறுதியாகி மருந்து தொடங்கியவர்கள், ஏகாதசி உபவாசத்துக்கு முன் மருத்துவரைக் கேட்டே மருந்தின் அளவை முடிவு செய்தல் வேண்டும். சில மருந்துகள் பட்டினியில் சர்க்கரையை ஆபத்தான அளவுக்குத் தாழ்த்திவிடும்.

குளுக்கோஸ் பரிசோதனைக்குச் செல்வோர் அந்த இரண்டு மணி நேரமும் வேறெதுவும் உண்ணாமல், அலையாமல், ஆய்வகத்திலேயே அமர்ந்திருக்க வேண்டும். கையில் ஸஹஸ்ரநாமப் புத்தகம் இருந்தால் பாராயணமும் நிறைவேறிவிடும்.