எண்டோஸ்கோபியின்போது தரப்படும் மயக்கம்

இரைப்பை, பெருங்குடல் ஆகியவற்றை வளையும் குழாய்க் கருவியால் உட்புறமாகப் பார்ப்பது எண்டோஸ்கோபி ஆகும். அப்போது நோயாளியின் பதற்றத்தையும் வேதனையையும் குறைக்கத் தணிப்பு மருந்து தரப்படுவதுண்டு. பெரும்பாலோர் புறநோயாளியாக வந்து அன்றே வீடு திரும்புகின்றனர்.

இது பெரிய அறுவைக்குத் தரப்படும் முழு மயக்கம் அன்று. மிதமான மயக்கத்தில் நோயாளி அரைத் தூக்கத்தில் இருப்பார். பெயர் சொல்லி அழைத்தாலோ தோளைத் தட்டினாலோ பதில் தருவார். தாமாகவே மூச்சு விடுவார். ஆழ்ந்த மயக்கத்தில் எளிதில் எழுப்ப இயலாது. மூச்சுக்கும் துணை தேவைப்படலாம். முதல் நிலையிலிருந்து இரண்டாவதற்கு நழுவிவிடக்கூடும் என்பதால் நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம், ஆக்சிஜன் அளவு ஆகியவை தொடர்ந்து கண்காணிக்கப்படுகின்றன. இரைப்பையை மட்டும் பார்ப்பதானால், தொண்டையில் லிடோகெயின் தெளித்து மரத்துப்போகச் செய்வதே பலருக்குப் போதும்.

மிடசோலம், வலி குறைக்கும் ஃபென்டானில் ஆகிய இரண்டையும் ஊசி வழியாகச் சேர்த்துத் தருவது ஒரு முறை. அளவு மிகுந்தால் முன்னதற்கு ஃபுளூமசெனில், பின்னதற்கு நலோக்சோன் என முறிமருந்துகள் உள்ளன. பால்போல் வெண்மையான புரோப்போஃபால் தந்தால் நோயாளி சில நிமிடங்களில் விழித்துக்கொள்வார். ஆனால் அதற்கு முறிமருந்து இல்லை. எனவே மூச்சுத் திணறலைச் சமாளிக்கப் பயிற்சி பெற்றவர் அருகில் இருந்தாக வேண்டும்.

மயக்கத்தில் வாந்தி வந்தால் அது நுரையீரலுக்குள் போய்விடலாம். அதனால் பொதுவாகத் திட உணவை 6 மணி நேரத்துக்கு முன்பும் தண்ணீரை 2 மணி நேரத்துக்கு முன்பும் நிறுத்தச் சொல்வார்கள். பெருங்குடல் பரிசோதனைக்கு உணவுக் கட்டுப்பாடு இன்னும் கூடுதல். சர்க்கரை நோய் மருந்துகளை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். உரத்த குறட்டையையும் சொல்ல வேண்டும். இதைச் சொல்லப் பலர் கூச்சப்படுகின்றனர், ஆனால் தூக்கத்தில் மூச்சடைப்பு உள்ளவருக்கு மயக்கத்தில் ஆபத்து அதிகம்.

மிடசோலத்தின் முக்கியமான விளைவு மறதி. நோயாளி கண் திறந்து உட்கார்ந்திருப்பார், மருத்துவர் சொல்வதற்குத் தலையாட்டுவார், கேள்வியும் கேட்பார். வீட்டுக்குப் போனபின் ஒன்றும் நினைவிராது. (கண் திறந்திருக்கும் மாணவன் பாடம் கேட்கிறான் என்று நம்பிய ஆசிரியர்களுக்கு இது புரியும்.) திசுத்துண்டு எடுத்தார்களா, எந்த மாத்திரையை நிறுத்தச் சொன்னார்கள், மறுபடி எப்போது வர வேண்டும் என்பன இப்படித்தான் தவறிப்போகின்றன. ஆகவே துணைக்கு வருபவர் ஆட்டோ பிடிக்க மட்டும் வந்தவர் அல்லர். முடிவைச் சொல்லும்போது அவரும் உள்ளே இருந்து கேட்க வேண்டும். எழுத்தில் வாங்கிக்கொள்வது இன்னும் நல்லது.

தெளிந்துவிட்டதாகத் தோன்றினாலும், அடுத்த 24 மணி நேரத்துக்கு வண்டி ஓட்டவோ, மது அருந்தவோ, பத்திரங்களில் கையெழுத்திடவோ கூடாது. தொண்டையில் மருந்து தெளித்திருந்தால், மரப்பு நீங்கும் வரை காப்பிகூடக் குடிக்கக் கூடாது, புரையேறிவிடும்.