வலியின் மடையை அடைக்கும் ஊசி!

தொடை எலும்பு முறிந்தவர்களுக்கு ஒரு நல்ல செய்தி

புதுச்சேரியில் இருந்து மரக்காணம் போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கிறது, கீழ்புத்துப்பட்டு. ஐயனார் கோவிலால் பெயர் பெற்ற ஊர். அங்கிருந்து வடக்கே போனால், மரக்காணம் உப்பளங்கள்.

சாலையில் வண்டிகள் பறக்கின்றன. உப்பளத்தில் வரப்பு வழுக்குகிறது. கால் தவறினால் எலும்பு முறியும். வீட்டோடு இருக்கும் பாட்டிக்கு வண்டியும் வேண்டாம், வரப்பும் வேண்டாம். ஈரமான குளியல் அறையே போதும்! வயதானவர்களின் எலும்புக்குப் பலம் குறைவு.

முறிவது தொடை எலும்பாக இருந்தால், வலி மிகக் கொடியது.

ஏன் அந்த வலி?

உடம்பிலேயே நீளமான எலும்பு, தொடை எலும்புதான். அதைச் சுற்றிப் பெரிய பெரிய சதைகள் இருக்கின்றன. எலும்பு முறிந்ததும் இந்தச் சதைகள் இறுகி இழுக்கின்றன. முறிந்த முனைகள் ஒன்றோடு ஒன்று உரசுகின்றன. அசையாமல் கிடந்தால் ஓரளவு பொறுக்கலாம். கொஞ்சம் புரண்டாலும் உயிர் போகும்!

ஆபரேஷன் செய்யும்போது வலி தெரியாமல் இருக்க, பெரும்பாலும் முதுகுத் தண்டில் ஊசி போடுகிறார்கள். இடுப்புக்குக் கீழே மரத்துவிடும். நல்ல முறைதான். ஆனால் அந்த ஊசி போட, நோயாளி உட்கார்ந்து முதுகை வளைக்க வேண்டும். அல்லது ஒருக்களித்துப் படுக்க வேண்டும்.

முறிந்த தொடையோடு எப்படி உட்காருவது? வலியைப் போக்கும் ஊசிக்காகவே வலியில் துடிக்க வேண்டும்! இந்தக் கொடுமைக்குத்தான் இப்போது வழி பிறந்திருக்கிறது.

நரம்பைப் பார்த்து ஊசி

தொடையும் இடுப்பும் சேரும் இடத்தில் ஒரு பெரிய நரம்பு இறங்குகிறது. தொடையின் வலியை மூளைக்குக் கொண்டுபோகும் நரம்புகளில் அது முக்கியமானது. அந்த நரம்பைச் சுற்றி மரத்துப்போகும் மருந்தைப் போட்டால், வலி மூளைக்குப் போவது குறைந்துவிடும். சில நிமிடங்களில் நோயாளியின் முகம் தெளியும். அதன் பிறகு உட்கார வைக்கலாம். முதுகில் ஊசி போடலாம்.

நரம்பு தோலுக்குள் மறைந்து இருக்கிறதே, எப்படிக் கண்டுபிடிப்பது? வயிற்றில் இருக்கும் குழந்தையைப் பார்க்கிறார்களே, அதே அல்ட்ராசவுண்ட் ஸ்கேன்தான்! காதுக்குக் கேட்காத ஒலியை உடம்புக்குள் அனுப்புகிறார்கள். அது திரும்பி வரும்போது திரையில் படம் தெரிகிறது. துடிக்கும் ரத்தக்குழாய் கறுப்பாகத் தெரியும். பக்கத்தில் நரம்பு வெளுப்பாகத் தெரியும். ஊசி போகும் வழியும் தெரியும்.

உப்பும் நரம்பும்

மருந்து எப்படி வேலை செய்கிறது? உப்பள மக்களுக்கு இது எளிதில் புரியும்.

சாப்பாட்டு உப்பில் சோடியம் இருக்கிறது. நம் உடம்பிலும் சோடியம் உண்டு. நரம்பின் சுவரில் சின்னஞ்சிறு வாசல்கள் இருக்கின்றன. வாசல் திறந்து சோடியம் உள்ளே பாய்ந்தால், நரம்பில் செய்தி ஓடும். "வலிக்கிறது" என்பதும் ஒரு செய்திதான்.

மருந்து இந்த வாசல்களை அடைத்துவிடுகிறது. மடையை அடைத்தால் பாத்திக்குத் தண்ணீர் பாயுமா? அதே கதைதான். பல மணி நேரம் கழித்து மருந்து கரைந்ததும், மடை தானாகவே திறந்துகொள்ளும்.

வியன்னாவில் பிறந்த வித்தை

இந்த வித்தைக்கு வயது அதிகம். 1884-ம் ஆண்டில் வியன்னா நகரத்தில் கார்ல் கொல்லர் என்ற டாக்டர், கொக்கேன் கரைசலைக் கண்ணில் விட்டு, வலி இல்லாமல் ஆபரேஷன் செய்யலாம் என்று காட்டினார். பிறகு தீங்கு குறைந்த மருந்துகள் வந்தன.

ஆனால் நெடுங்காலம் டாக்டர்கள் கைக்கணக்கில்தான் ஊசியைச் செலுத்தினார்கள். நரம்பு கண்ணுக்குத் தெரியவில்லை. 1997-ம் ஆண்டில், அதே வியன்னாவின் டாக்டர்கள், ஸ்கேன் பார்த்தபடி தொடை நரம்புக்கு ஊசி போட்டு, பலனை வெளியிட்டார்கள். பிறகு முறை உலகம் எங்கும் பரவியது.

தமிழ்நாட்டிலும் இது உண்டு. கோவை கங்கா ஆஸ்பத்திரியில் இந்த முறையை மற்ற டாக்டர்களுக்கும் கற்றுக்கொடுக்கிறார்கள். 1978-ல் அந்த ஆஸ்பத்திரியைத் தொடங்கிய டாக்டர் சண்முகநாதன், மயக்க மருந்து நிபுணர்தான்!

என்ன லாபம்?

இடுப்பு எலும்பு மூட்டுப் பக்கம் முறிந்தவர்களிடம் நடந்த 49 ஆய்வுகளை 2020-ல் சேர்த்துப் பார்த்தார்கள். 3,000 பேருக்கு மேல் அவற்றில் இருந்தார்கள். நரம்பு ஊசி போட்ட அரை மணி நேரத்தில், அசையும்போது வரும் வலி குறைந்தது. வயதானவர்களுக்கு வரும் திடீர் மனக்குழப்பமும் குறைந்தது.

வலிக்குக் கொடுக்கும் மார்பின் போன்ற மருந்துகளால் தூக்கமும் வாந்தியும் வரலாம். நரம்பு ஊசி போட்டால் அவை குறைவாகவே தேவைப்படும்.

எச்சரிக்கையும் வேண்டும்

மருந்து தவறி ரத்தக்குழாயில் அதிகம் கலந்தால் வலிப்பு வரலாம். இதயமும் பாதிக்கப்படலாம். ஸ்கேன் பார்த்துப் போடுவதற்கு இதுவும் ஒரு காரணம். கருவியும் வேண்டும், பழகிய கையும் வேண்டும். எல்லா ஆஸ்பத்திரியிலும் இரண்டும் இருப்பது இல்லை.

ஊசி போட்ட பிறகு கால் சில மணி நேரம் பலம் இல்லாமல் இருக்கும். துணை இல்லாமல் எழுந்து நடக்கக் கூடாது.

வீட்டில் உள்ளவர்கள் செய்ய வேண்டியது

தொடை முறிந்தது என்று சந்தேகம் வந்தால், எண்ணெய் தேய்த்து உருவாதீர்கள். காலை இழுத்து நேராக்காதீர்கள். அசையாமல் படுக்க வைத்து, 108-க்குப் போன் செய்யுங்கள். ஆபரேஷன் தேவைப்படலாம், ஆகவே சாப்பிட எதுவும் கொடுக்காதீர்கள்.

ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவரா? எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாதவரா? டாக்டரிடம் முதலிலேயே சொல்லுங்கள்.

"வயதானவர், வலியைப் பொறுத்துக்கொள்ளட்டும்" என்று இருந்துவிடாதீர்கள். பொறுத்துக்கொள்வதால் எலும்பு கூடிவிடாது. "நரம்பில் ஊசி போட்டு வலியைக் குறைக்க முடியுமா?" என்று டாக்டரைக் கேளுங்கள். கேட்பதற்குக் காசு இல்லை!