சீரியலின் தலையெழுத்தை எழுதும் மீட்டர் வீடுகள்

வேலை முடிந்து, லோக்கல் ரயிலில் இடிபட்டு, தாராவிக்கோ முலுண்டுக்கோ வந்து சேரும் தமிழர் வீடுகளில் இரவு ஓடுவது பெரும்பாலும் தமிழ் சீரியல்தான். தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து பார்க்கிறார்கள். கதாநாயகி அழுதால் பக்கத்துக் குடித்தனக்காரப் பெண்களும் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள். திடீரென்று ஒருநாள் அந்த சீரியலை நிறுத்திவிடுகிறார்கள். அல்லது, செத்துப்போனவர் உயிரோடு திரும்பி வருகிறார். காரணம் கேட்டால், "ரேட்டிங் இல்லையாம்" என்று பதில் வருகிறது.

இத்தனை பேர் பார்த்தும் ரேட்டிங் எப்படி இல்லாமல் போகிறது?

ஒரு சோறு பதம்

இந்தக் கணக்கை எடுப்பது 'பார்க்' என்ற அமைப்பு. டெலிவிஷன் கம்பெனிகள், விளம்பரம் கொடுப்பவர்கள், விளம்பர ஏஜென்சிகள் ஆகிய மூன்று தரப்பாரும் சேர்ந்து 2010-ல் ஏற்படுத்தியது. 2015 முதல் கணக்கு வெளிவருகிறது.

2020-ல் நாட்டில் டெலிவிஷன் உள்ள வீடுகள் சுமார் 21 கோடி. மீட்டர் வைத்த வீடுகளோ சுமார் 44 ஆயிரம்தான். வகுத்துப் பார்த்தால், ஒரு மீட்டர் வீடு ஏறக்குறைய 4,800 வீடுகளுக்காகப் பேசுகிறது. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது சரிதான். ஆனால் பானையில் எந்த இடத்துச் சோற்றை எடுக்கிறார்கள் என்பதில் இருக்கிறது விஷயம்.

சானல்கள் தங்கள் ஒலியோடு காதுக்குக் கேட்காத ஒரு குறியைச் சேர்த்து அனுப்புகின்றன. வீட்டிலுள்ள மீட்டர் அதைப் பிடித்து, எந்த சானல் ஓடுகிறது என்று குறித்துக்கொள்ளும். யார் பார்க்கிறார்கள் என்பதற்கு ஆளுக்கு ஒரு பொத்தான் உண்டு. தாத்தா பொத்தானை அமுக்க மறந்தால், தாத்தா பார்க்கவில்லை என்றுதான் கணக்கு!

ரேட்டிங் ஏறினால் 10 விநாடி விளம்பரத்தின் விலையும் ஏறும். இறங்கினால் கதாசிரியரைக் கூப்பிட்டு, "கல்யாணத்தை முன்னால் கொண்டு வா" என்பார்கள்.

கடிதத்திலிருந்து மீட்டருக்கு

1984-ல் தூர்தர்ஷனில் 'ஹம் லோக்' ஓடியபோது நேயர்களின் கடிதங்கள் மூட்டை மூட்டையாக வந்தன. அன்று போட்டி சானல் கிடையாது. தனியார் சானல்கள் பெருகிய பிறகு, 1998-ல் 'டாம்' என்ற கம்பெனியின் மீட்டர்கள் வந்தன. அவை வெகுகாலம் நகரங்களோடு நின்றன. 2000-ல் தொடங்கி எட்டு ஆண்டுகள் ஓடிய 'கியோங்கி சாஸ் பீ கபி பஹு தீ' போல, பங்களாவும் பட்டுச் சேலையும் நகையுமாக சீரியல்கள் வந்த காலம் அது. குடிசையில் நடக்கும் கதையைச் சொல்ல எவருக்கும் அவசரம் இல்லை.

2015 அக்டோபரில் கிராமக் கணக்கும் சேர்ந்தது. பழைய சீரியல்களையே திரும்பப் போடும் இலவச சானலான 'ஜீ அன்மோல்' கிராமப் பட்டியலில் முதலிடத்துக்கு வந்தது. பெரிய கம்பெனிகள் திகைத்துப் போயின. 2019 மார்ச்சில் அவை தங்கள் சானல்களை தூர்தர்ஷனின் இலவச டிஷ்ஷிலிருந்து எடுத்துவிட, அந்த இடத்தை 'தங்கல்' என்ற சானல் பிடித்துக்கொண்டது. விளம்பரம் குவிந்தது. புது சீரியல்களும் எடுக்க ஆரம்பித்தது. கிராமத்து ஜனங்கள் அதற்கு முன்பும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். எண்ணத்தான் ஆள் இல்லை.

மும்பை வழக்கு

ஒரு வீட்டுக்கு 4,800 வீட்டு மதிப்பு என்றால், அந்த வீட்டை வளைக்க ஆசை வராதா? மீட்டர் வீடுகளுக்கு மாதம் சில நூறு ரூபாய் கொடுத்துக் குறிப்பிட்ட சானலையே ஓடவிடச் செய்ததாக, 2020 அக்டோபரில் மும்பை போலீசார் குற்றம் சாட்டினார்கள். செய்தி சானல்களின் ரேட்டிங் நிறுத்தப்பட்டது. 2022 மார்ச்சில்தான் மறுபடி வந்தது. வழக்கை வாபஸ் பெற 2024-ல் கோர்ட்டு அனுமதித்தது.

நம்மவர் கணக்கு

'பார்க்' வாராவாரம் வெளியிடும் பட்டியலில், தமிழ் சானல்களுக்குத் தமிழ்நாடும் புதுச்சேரியும்தான் எல்லை. மும்பைத் தமிழர் ஒருவர் வீட்டிலேயே மீட்டர் இருந்தாலும், அங்கே ஓடும் தமிழ் சீரியல் அந்தப் பட்டியலில் ஏறாது. அதே வீட்டில் பிள்ளைகள் இந்தி சீரியல் பார்த்தால், அது இந்திப் பட்டியலில் ஏறிவிடும்.