பழைய டீசல் வேனில் 'ஹெட்' போச்சா? திரும்ப மாட்டும் முன் கேட்க வேண்டிய மூன்று அளவுகள்

ஜாசின், அலோர் காஜா பக்கம் விடியற்காலையிலேயே கிளம்பும் பள்ளி வேன்களையும், ஆயர் குரோ, பத்து பெரெண்டாம் வட்டாரத் தொழிற்சாலை வேன்களையும் பார்த்திருப்பீர்கள். அவற்றில் பழைய டீசல் வண்டிகளும் உண்டு. ஒரு நாள் டெம்பரேச்சர் முள் ஏறி, பட்டறையில் "ஹெட் போச்சு" என்று சொல்லிவிட்டால் அந்தக் குடும்பத்தின் வருமானமும் நின்றுவிடும். செலவு செய்து சரிசெய்த வேன் சில மாதங்களிலேயே மறுபடியும் சூடானால்? ஏன் அப்படி ஆகிறது?

ஹெட் என்ன வேலை செய்கிறது?

இன்ஜின் பிளாக்கின் மேல் உட்காரும் கனமான மூடிதான் சிலிண்டர் ஹெட். இரண்டுக்கும் நடுவே இருக்கும் கேஸ்கெட் எண்ணெய், தண்ணீர், எரிவாயு மூன்றும் கலக்காமல் காக்கிறது. டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை அழுத்தியே சூடாக்குகிறார்கள். பழைய டொயோட்டா ஹையேஸில் வந்த 2,779 சிசி '3எல்' இன்ஜினில் காற்று சுமார் 22 மடங்கு அழுத்தப்படுகிறது. அதனால் சின்னக் கசிவு கூட பெரிய தொல்லைதான்.

ரேடியேட்டரில் குமிழி, வெளியே ஒழுகாமலே தண்ணீர் குறைவது, வெள்ளைப் புகை, பால் கலந்த மாதிரி எண்ணெய்: இவை அறிகுறிகள்.

கழற்றும்போது

இன்ஜின் முழுசா ஆறியிருக்க வேண்டும். பேட்டரி இணைப்பை எடுத்து, தண்ணீரை வடித்து, இன்ஜெக்டர் குழாய்களைக் கழற்றியதும் வாய்களை மூட வேண்டும். தூசி உள்ளே போகக்கூடாது. டைமிங் குறிகளைச் சேர்த்து வைத்த பிறகே பெல்ட்டை எடுப்பார்கள். ஹெட் போல்ட்டுகளை ஓரத்திலிருந்து நடுவை நோக்கி, கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்த வேண்டும். ஒரே மூச்சில் கழற்றினால் ஹெட் வளையலாம்.

அந்த மூன்று அளவுகள்

முதலாவது, வளைவு. நேர்ச்சட்டம் வைத்து ஃபீலர் கேஜால் பார்ப்பார்கள். ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒன்றிரண்டு பங்கு வளைந்தாலே பிரச்சினைதான். வெடிப்பு இருக்கிறதா என்று பிரஷர் டெஸ்டும் செய்யச் சொல்லுங்கள். வெடித்த ஹெட்டைச் சீவி மட்டப்படுத்திப் பயனில்லை.

இரண்டாவது, பிஸ்டன் பிளாக்கைத் தாண்டி எவ்வளவு மேலே வருகிறது என்பது. எல் வகை இன்ஜின்களுக்கு பி, டி, எஃப் என்ற குறிகளோடு மூன்று கனங்களில் கேஸ்கெட் உண்டு. தேவைக்கு மேல் கனமானதைப் போட்டால் அழுத்தம் குறைந்து, காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும். மெல்லியதைப் போட்டால் பிஸ்டன் மேலே இடிக்கலாம்.

மூன்றாவது, போல்ட் முறுக்கும் அளவு. இப்போது நடுவிலிருந்து ஓரத்துக்கு, டார்க் ரெஞ்ச் கொண்டு, கையேட்டில் சொன்னபடி பல கட்டமாக முறுக்க வேண்டும். கை உணர்வை மட்டும் நம்பக்கூடாது.

டைமிங் பெல்ட்டைப் புதிதாக மாற்றவும் இதுதான் நல்ல நேரம். அது அறுந்தால் வால்வு பிஸ்டனில் மோதும்.

கேஸ்கெட் மாற்றினால் போதுமா?

போதாது. கேஸ்கெட் போனது பெரும்பாலும் விளைவுதான். அடைபட்ட ரேடியேட்டர், திறக்காத தெர்மோஸ்டாட், தேய்ந்த வாட்டர் பம்ப், சரியாகச் சுற்றாத விசிறி: எது சூடாக்கியது என்று கண்டுபிடிக்காமல் ஹெட்டை மாட்டினால், அதே பில்லை இன்னொரு முறை கட்ட வேண்டி வரும்.

முள் ஏறினால் "இன்னும் கொஞ்ச தூரம்தானே" என்று ஓட்டாதீர்கள். ஓரம் கட்டி, இன்ஜினை அணைத்து ஆறவிடுங்கள். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே வேண்டாம்.