டெஸ்டோஸ்டிரோன் 268: சிவப்பில் இருந்த வரியும் மஞ்சளில் இருந்த வரியும்

போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. செல்போனில் வந்த தள்ளுபடி விளம்பரத்தைப் பார்த்து 'ஃபுல் பாடி செக்கப்' பதிவு செய்திருந்தேன். மதியம் பிரியாணி சாப்பிட்டுவிட்டு லாஸ்பேட்டை வீட்டில் சாய்ந்திருந்தபோது, நாலரை மணிக்கு ஒரு பையன் வந்து ரத்தம் எடுத்துக்கொண்டு போனான். மறுநாள் பதினேழு பக்கத்துக்கு பிடிஎஃப். அதில் ஒரே ஒரு வரி மட்டும் சிவப்பில், தடித்த எழுத்தில்: மொத்த டெஸ்டோஸ்டிரோன் 268. (ஒரு டெசிலிட்டர் ரத்தத்துக்கு இத்தனை நானோகிராம் என்ற அளவு. 300-க்குக் கீழே போனால் குறைவு என்பது பொதுவான கணக்கு.)

எனக்கு வயசு 44. மத்தியானம் சாப்பிட்டதும் கண் சொக்கும், மாடி ஏறினால் அலுப்பு, பெல்ட்டில் புதுசாக ஒரு ஓட்டை போட்டிருந்தேன். எல்லாத்துக்கும் காரணம் கிடைச்சிடுச்சு என்று தோன்றியது. ஜிம்மில் பயிற்சி கொடுக்கிற தம்பியிடம் காட்டினேன். "அண்ணே, டி லெவல் குறைஞ்சா ஹார்ட்டுக்கே ஆபத்துண்ணே. பன்னெண்டு வாரம் ஊசி போட்டா எல்லாம் செட் ஆயிடும், நானே ஏற்பாடு பண்றேன்" என்றான். அப்பாவுக்கு 58 வயதில் மாரடைப்பு வந்தது. அதனால் 'ஹார்ட்' என்ற வார்த்தை உள்ளே போய் உட்கார்ந்துவிட்டது. ஊசிக்குப் பணம் கொடுப்பதற்கு முன்னால் நாலு ராத்திரி உட்கார்ந்து படித்ததன் குறிப்புதான் இது. நான் டாக்டர் இல்லை, இன்ஜினியர். அதை மனசில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

அந்தத் தம்பி சொன்னது பொய் இல்லை. டெஸ்டோஸ்டிரோன் குறைவாக இருக்கிற ஆண்களிடம் சர்க்கரை நோயும் இதய நோயும் அதிகம் என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் எது எதை உண்டாக்குகிறது? எங்கள் வேலையில் சர்வர் படுத்துக்கொண்டால் முதலில் அடிக்கிற அலாரத்தை நம்பி அதையே சரி செய்யப் போவோம். பாதி நேரம் கோளாறு வேறு எங்கேயோ இருக்கும்.

இங்கே அந்த 'வேறு எங்கேயோ' இன்சுலின். அதுவும் ஒரு ஹார்மோன்தான், ஆனால் யாரும் அதை அப்படிப் பேசுவதில்லை.

ரத்தத்தில் ஓடும் டெஸ்டோஸ்டிரோனில் ஏறக்குறைய 98 சதவீதம் ஏதாவது ஒரு புரதத்தில் ஒட்டிக்கொண்டுதான் போகிறது. தனியாகத் திரிவது இரண்டு சதவீதம்தான். ஒட்டிக்கொள்ளும் புரதங்களில் முக்கியமானது எஸ்எச்பிஜி. இதை உற்பத்தி செய்வது கல்லீரல். வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேர்ந்து, கல்லீரலிலும் கொழுப்பு படிந்து, இன்சுலின் சொல்வதை உடம்பு கேட்காமல் போகும்போது, கணையம் இன்னும் அதிகமாக இன்சுலினைக் கொட்டுகிறது. இந்த நிலையில் கல்லீரல் எஸ்எச்பிஜி செய்வதைக் குறைத்துவிடுகிறது. பஸ் குறைந்தால் பஸ்ஸில் போகிற ஆட்களின் எண்ணிக்கையும் குறையும் இல்லையா? அதுபோல மொத்த டெஸ்டோஸ்டிரோன் இறங்குகிறது. தனியாகத் திரிகிற பங்கு சரியாகவே இருக்கலாம். கொழுப்பு இன்னும் அதிகமானால் கதை நிஜமாகவே மோசமாகும்: கொழுப்புத் திசுவில் உள்ள அரோமடேஸ் என்ற நொதி டெஸ்டோஸ்டிரோனை எஸ்ட்ராடையோலாக மாற்றும், மூளையிலிருந்து விரைக்குப் போகிற உத்தரவும் மந்தமாகும்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் பெண்களைப் பற்றியது. பிசிஓஎஸ் உள்ள பெண்களில் பலருக்கு இதே அதிக இன்சுலின், சினைப்பையைத் தூண்டி டெஸ்டோஸ்டிரோனைக் கூட்டுகிறது. எஸ்எச்பிஜி குறைவதால் தனியாகத் திரிகிற பங்கும் ஏறுகிறது. ஆக, ஒரே கோளாறு ஆணின் ரிப்போர்ட்டில் 'குறைவு' என்றும் பெண்ணின் ரிப்போர்ட்டில் 'அதிகம்' என்றும் வருகிறது. 2006-இல் ஜாமா இதழில் வந்த ஒரு தொகுப்பாய்வு இதைத்தான் காட்டியது: டெஸ்டோஸ்டிரோன் அதிகமுள்ள ஆண்களுக்கு இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் ஆபத்து குறைவு, பெண்களுக்கு அதிகம்.

அப்படியென்றால் டெஸ்டோஸ்டிரோனுக்குச் சொந்தமாக எந்தப் பங்கும் இல்லையா? இருக்கிறது. 2021-இல் வெளிவந்த ஆஸ்திரேலிய சோதனை ஒன்று என்னைக் கொஞ்சம் குழப்பியது. 50 முதல் 74 வயது வரை, தொப்பையும் டெஸ்டோஸ்டிரோன் குறைவும் உள்ள 1,007 ஆண்கள். எல்லோருக்கும் எடை குறைப்புத் திட்டம். பாதிப் பேருக்குக் கூடவே ஊசி. இரண்டு வருஷத்தில் சர்க்கரை நோய் இருந்தவர்கள் ஊசிக் குழுவில் 12 சதவீதம், மற்றதில் 21 சதவீதம். நல்ல வித்தியாசம்தான். ஆனால் ஊசிக் குழுவில் 22 சதவீதம் பேருக்கு ரத்தம் அளவுக்கு மீறி கெட்டியானது. மற்றதில் ஒரு சதவீதம்.

இதயத்துக்கு? அதற்கென்றே அமெரிக்காவில் நடந்த பெரிய சோதனை டிராவர்ஸ், 2023-இல் முடிவு வந்தது. டெஸ்டோஸ்டிரோன் குறைந்த, இதய நோய் உள்ள அல்லது வர வாய்ப்புள்ள 5,200-க்கும் மேற்பட்ட ஆண்கள். மாரடைப்பு, பக்கவாதம், இதய மரணம் சேர்த்துப் பார்த்தால், மருந்து பூசியவர்களில் 7.0 சதவீதம், வெறும் ஜெல் பூசியவர்களில் 7.3. கெடுதலும் இல்லை, பாதுகாப்பும் இல்லை. ஆனால் இதயத் துடிப்புத் தாளம் தப்புவது, நுரையீரலில் ரத்தக்கட்டி, திடீர் சிறுநீரகப் பாதிப்பு ஆகிய மூன்றும் மருந்துக் குழுவில் கொஞ்சம் அதிகம். 'ஹார்ட்டைக் காப்பாத்த ஊசி' என்ற வாதம் எனக்கு அங்கேயே விழுந்துவிட்டது.

இன்னொன்று, ஜிம்மில் இதை யாரும் சொல்வதில்லை. வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் போட்டால், போதுமான அளவு இருக்கிறது என்று மூளை நினைத்துக்கொண்டு விரைக்கு அனுப்பும் உத்தரவை நிறுத்திவிடும். விந்தணு உற்பத்தி படுத்துவிடும். நிறுத்திய பிறகு திரும்பி வர மாதக்கணக்கில் ஆகலாம். எனக்கு இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள், பரவாயில்லை. அந்தத் தம்பிக்குப் போன தை மாசம்தான் கல்யாணம் ஆனது.

சரி, என் ரிப்போர்ட்டுக்கு வருகிறேன். மறுபடி திறந்து பார்த்தபோதுதான் நாலாவது பக்கம் கண்ணில் பட்டது. எச்பிஏ1சி 6.1. சிவப்பு இல்லை, இளம் மஞ்சளில் 'பார்டர்லைன்'. 5.7-லிருந்து 6.4 வரை சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை. நான் அந்தப் பக்கத்தை முதல் நாளே பார்த்திருந்தேன். பார்டர்லைன்தானே என்று தள்ளிவிட்டுப் போயிருக்கிறேன்.

நம்ம ஊருக்கு இது புதுசும் இல்லை. ஐசிஎம்ஆர்-இண்டியாப் ஆய்வு 2023-இல் வெளியானபோது, சர்க்கரை நோய் விகிதத்தில் முதலில் கோவா 26.4 சதவீதம், அடுத்தது புதுச்சேரி, 26.3. நாட்டின் சராசரி 11.4. வயிற்றுப் பருமனில் நாம்தான் முதலிடம். மாலை ஆறு மணிக்கு மேல் வண்டி விடாத கடற்கரைச் சாலையை வைத்துக்கொண்டு இந்த லட்சணம்! (நானும் அங்கே போய் நடப்பதைவிட சுண்டல் சாப்பிட்டதுதான் அதிகம்.)

அப்பா ஒல்லி. அதனால்தான் யாருமே அவருக்குச் சர்க்கரை இருக்கும் என்று நினைக்கவில்லை. மாரடைப்பு வந்த அன்றைக்குத்தான் தெரிந்தது. 2004-இல் லான்செட் இதழில் புனே டாக்டர் யாக்னிக்கும் லண்டனைச் சேர்ந்த யுட்கினும் தங்கள் படத்தையே பக்கத்தில் பக்கத்தில் போட்டார்கள். இருவருக்கும் பிஎம்ஐ 22.3. உடல் கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாக்னிக்குக்கு 21.2. அந்தப் படத்தைப் பார்த்தபோது அப்பாவின் சட்டைக்குள் லேசாகத் துருத்திய வயிறு ஞாபகம் வந்தது. நம் ஆண்களுக்கு இடுப்பளவு 90 சென்டிமீட்டர்தான் எல்லை. என்னுடையது 97.

அடுத்த வாரம் டாக்டரைப் பார்த்தேன். ரிப்போர்ட்டில் அவர் முதலில் பார்த்தது நேரத்தை. "பிரியாணி சாப்பிட்டுட்டு நாலரை மணிக்கா சார் டெஸ்டோஸ்டிரோன் பாத்தீங்க?" இந்த ஹார்மோன் காலையில் உச்சத்தில் இருக்கும், சாப்பிட்டால் இறங்கும். காலை பத்து மணிக்குள், வெறும் வயிற்றில், இரண்டு தனித்தனி நாள் பார்த்தால்தான் குறைவு என்று சொல்ல முடியும். அப்படி எடுத்தபோது 331-உம் 340-உம். தனியாகத் திரிகிற பங்கு சாதாரணம். எஸ்எச்பிஜிதான் தரையில் கிடந்தது. வெறும் வயிற்றுச் சர்க்கரை 108, இன்சுலின் 19. இரண்டையும் பெருக்கி 405-ஆல் வகுத்தால் 5 சொச்சம். 2.5-ஐத் தாண்டினாலே இன்சுலின் எதிர்ப்பு என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள்.

ஊசி எதுவும் எழுதவில்லை. ராத்திரி பரோட்டா நின்றது, சோறு பாதியானது, காலை ஐந்தரைக்குக் கடற்கரை. ஜிம்மில் அதே தம்பியிடம்தான் எடை தூக்கினேன். ஏழு மாதத்தில் ஆறு கிலோ. எச்பிஏ1சி 5.7, இன்னும் கோட்டின் மேலேதான் நிற்கிறது. டெஸ்டோஸ்டிரோன் 402.

போன வாரம் அந்தத் தம்பி வாட்ஸப்பில் தன்னுடைய ரிப்போர்ட்டை அனுப்பியிருந்தான். 290, சிவப்பில். மேலே ரத்தம் எடுத்த நேரம் பார்த்தேன்: மாலை 5.10. "ஊசி போட்டுட்டியாடா?" என்று உடனே போன் செய்தேன். "இன்னும் இல்லண்ணே" என்றான். நாளைக் காலை ஏழு மணிக்கு, சாப்பிடாமல், நானே வண்டியில் கூட்டிப் போகிறேன்.