மின்கம்பத்துக்கு ஸ்டே கம்பி... பாய்மரத்துக்கும் அதேதான்! எந்த சைஸ் போடணும் தெரியுமா?

‘ஸ்டே கம்பியில ஆட்டைக் கட்டாதே!’

தா.பழூர் பக்கம் கொள்ளிடக் கரை கிராமங்களில் வளர்ந்தவர்கள் இந்தத் திட்டை ஒருமுறையாவது வாங்கியிருப்போம். மின்கம்பம் சாய்ந்துவிடாமல் இழுத்துப் பிடித்து மண்ணில் புதைத்திருப்பார்களே, முறுக்கிய இரும்புக் கம்பி... அதேதான். கடலில் ஓடும் சின்ன பாய்மரப் படகிலும் பாய்மரத்தை நிறுத்திப் பிடிப்பது இதே மாதிரி கம்பிகள்தான். அங்கேயும் அதற்குப் பெயர் ஸ்டே! முன்னால் இழுப்பது ஃபோர்ஸ்டே, பின்னால் பேக்ஸ்டே, இரண்டு பக்கமும் இழுப்பவை ஷ்ரௌடு.

கடலே இல்லாத அரியலூர் மாவட்டத்தில் உட்கார்ந்துகொண்டு எதற்குப் பாய்மரக் கதை என்கிறீர்களா? எங்கள் மாவட்டத்து மண்ணைத் தோண்டினால் கடல் உயிரிகளின் புதைபடிவங்கள் கிடைக்கும். பல கோடி ஆண்டுகளுக்கு முன்பு இது கடல். பக்கத்தில்தான் கங்கைகொண்ட சோழபுரம். 1025-ல் கடாரம் வரை கப்பல் அனுப்பிய ராஜேந்திரனின் தலைநகர். ஆக, கேட்க எங்களுக்கும் உரிமை உண்டு பாஸ்!

கம்பி விஷயம் எவ்வளவு சீரியஸ் என்பதை அபிலாஷ் டோமியின் கதை சொல்லும். அப்போது கடற்படை அதிகாரியாக இருந்த இவர், 2018-ல் கோல்டன் குளோப் ரேஸில் ‘துரியா’ என்ற படகில் தன்னந்தனியாக உலகைச் சுற்றக் கிளம்பினார். செப்டம்பர் 21-ம் தேதி தெற்கு இந்தியப் பெருங்கடலில் புயல். படகு முழுசாக உருண்டு எழுந்தது. பாய்மரம் முறிந்தது. முதுகெலும்பில் பலத்த அடி. எழுந்திருக்கவே முடியாமல் படுத்துக்கிடந்தவரை, மூன்று நாள் கழித்து ‘ஒசிரிஸ்’ என்ற பிரெஞ்சுக் கப்பல் மீட்டது.

அன்றைக்குக் கம்பி தடிமனாக இருந்திருந்தால் தப்பித்திருப்பாரா? அப்படிச் சொல்ல முடியாது. படகே தலைகீழாகப் புரளும்போது விழும் அடி வேறு கணக்கு. இன்னொரு சிக்கலும் உண்டு. முறிந்த பாய்மரம் கம்பிகளில் தொங்கியபடி படகின் உடம்பை இடித்துக்கொண்டே இருக்கும். உடனே கம்பியை வெட்டி விட வேண்டும். கம்பி தடிமனாக ஆக, வெட்டுவதும் கஷ்டம்.

சரி, எந்த சைஸ் என்று எப்படி முடிவு செய்வது? ‘காற்று எவ்வளவு வேகம்?’ என்றுதான் நாம் முதலில் கேட்போம். ஆனால், கேட்க வேண்டிய கேள்வி, ‘படகு சாயாமல் எவ்வளவு அடம்பிடிக்கும்?’ என்பது. லேசான படகு என்றால் பலத்த காற்றில் சாய்ந்துவிடும், பாயிலிருந்து காற்று நழுவிப் போய்விடும், கம்பிக்கு அவ்வளவு சுமை வராது. சாயவே மாட்டேன் என்று நிற்கும் கனமான படகில்தான் மொத்த இழுப்பும் கம்பி மேல் விழும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எடை 200 கிலோ உள்ள சின்னப் படகு. இரண்டு பேர், சேர்த்து 140 கிலோ, படகின் நடுக்கோட்டிலிருந்து ஒரு மீட்டர் வெளியே சாய்ந்து உட்காருகிறார்கள். அவர்களால் 140. படகின் எடை 0.3 மீட்டர் தள்ளி வேலை செய்கிறது என்று வைத்தால், அது 60. மொத்தம் 200. ஷ்ரௌடு கட்டியிருக்கும் இடம் பாய்மரத்திலிருந்து 0.8 மீட்டர் என்றால், 200-ஐ 0.8-ஆல் வகுங்கள். கம்பியில் சுமார் 250 கிலோ இழுப்பு. அலை தூக்கிப் போடும்போது வரும் குலுக்கலுக்காக இதை இரண்டரை மடங்காக்கினால் 625 கிலோ.

இனி கம்பி. பாய்மரத்தைப் பிடிக்க வழக்கமாகப் போடுவது, 19 இழைகளை ஒன்றாக முறுக்கிய ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பி. இதில் 3 மில்லிமீட்டர் கம்பி ஏறக்குறைய 720 கிலோவில் அறும். 4 மி.மீ. சுமார் 1,280 கிலோ, 5 மி.மீ. 2,000 கிலோ. ஆக, நம் படகுக்கு 3 மி.மீ. போதும். ஒரே ஒரு மில்லிமீட்டர் கூட்டினாலே பலம் முக்கால் மடங்குக்கு மேல் எகிறுகிறது, கவனித்தீர்களா? விட்டம் இரட்டிப்பானால் பலம் நான்கு மடங்கு.

‘அப்போ 5 மி.மீ. போட்டுட்டா நிம்மதியாச்சே’ என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் கம்பியின் எடையும் அதே கணக்கில் ஏறும். உயரத்தில் ஏறும் ஒவ்வொரு கிலோவும் படகைச் சாய்க்கப் பார்க்கும். அதோடு, கம்பியை மட்டும் மாற்றிவிட்டு, அதை மாட்டும் கொக்கியையும் படகில் பதித்த தகட்டையும் பழையதாகவே விட்டால் அடுத்து பிய்வது அவைதான்.

இன்னொன்று: பாயை ஏற்றி இறக்கும் கம்பி கப்பியில் வளைந்து ஓட வேண்டும். அதற்கு 133 மெல்லிய இழைகள் கொண்ட வேறு ரகம் இருக்கிறது. நன்றாக வளையும், ஆனால் அதே தடிமனில் பலம் குறைவு, இழுத்தால் நீளவும் செய்யும். இரண்டையும் மாற்றிப் போட்டுவிடக் கூடாது.

சைஸ் சரியாக இருந்தாலும் கம்பி அறும். எங்கே என்றால், பெரும்பாலும் நுனியில். சைக்கிள் பிரேக் கேபிள் எங்கே பிய்கிறது? பிடியில் மாட்டும் இடத்தில்தானே! அதே கதை. உப்புத் தண்ணீர் அந்த இடுக்கில் தங்கித் துருவேற்றும். ஆட்டம் கொடுத்துக் கொடுத்து இழைகள் ஒவ்வொன்றாக முறியும். கம்பி மேல் பஞ்சை ஓட்டிப் பாருங்கள். நூல் சிக்கினால் இழை அறுந்திருக்கிறது. ஒரு இழைதானே என்று விடாமல் கம்பியையே மாற்றிவிடுவார்கள்.

அபிலாஷ் என்ன ஆனார் என்கிறீர்களா? முதுகில் அறுவை சிகிச்சை முடிந்து, 2022-ல் அதே ரேஸுக்கு ‘பயானத்’ என்ற படகில் மறுபடி கிளம்பினார். 2023 ஏப்ரல் 29-ல் இரண்டாவதாகக் கரை சேர்ந்தார். பிறகு நம் பக்கத்துப் புதுச்சேரியைச் சேர்ந்த ரூபா, தில்னாவுடன் ‘தாரிணி’யில் உலகைச் சுற்றி 2025 மே மாதம் கோவா திரும்பினார்.

வீட்டுச் சுட்டிகளைப் பாய்மரப் படகுப் பயிற்சியில் சேர்க்கலாமா என்று யோசிப்பவர்களுக்கு ஒரு தகவல். குழந்தைகள் தொடங்கும் ‘ஆப்டிமிஸ்ட்’ படகில் இந்த ஸ்டே, ஷ்ரௌடு எதுவுமே கிடையாது. சென்னையின் நேத்ரா குமணன் ஒலிம்பிக்கில் ஓட்டிய படகிலும் கிடையாது. பாய்மரத்தைக் குழியில் செருகினால் முடிந்தது வேலை!