ஒரே இசைத்தட்டில் இரண்டு உலகம்!

1954-ம் ஆண்டு ஜூலை 5-ந் தேதி இரவு. அமெரிக்காவில் மெம்பிஸ் நகரம். "சன்" இசைத்தட்டு நிலையத்தில் மூன்று வாலிபர்கள் பாடிப் பாடிக் களைத்துவிட்டார்கள். முதலாளி சாம் பிலிப்சுக்கு எதுவும் திருப்தி இல்லை.

இடைவேளை. லாரி ஓட்டிப் பிழைத்துவந்த 19 வயது எல்விஸ் பிரெஸ்லி, விளையாட்டாக ஒரு பாட்டைத் தொடங்கினார். ஸ்காட்டி மூரின் கித்தாரும், பில் பிளாக்கின் ஆளுயர "பாஸ்" வாத்தியமும் சேர்ந்துகொண்டன. டிரம் கிடையாது! துள்ளிக்கொண்டு வந்தது பாட்டு. பிலிப்ஸ் உடனே பதிவு செய்தார்.

அது, "புளூஸ்" என்னும் கறுப்பர் இசை. ஆர்தர் கிரடப் என்ற கறுப்பர் 1946-ல் பதிவு செய்த பாட்டு. தட்டின் மறுபக்கத்தில் "கண்ட்ரி" என்னும் வெள்ளையரின் கிராமிய இசை. பில் மன்றோ நிதானமாகப் பாடியதை எல்விஸ் வேகமாக்கினார்.

இந்தக் கலப்புக்குப் பிறகு "ராக்கபில்லி" என்று பெயர் வந்தது.

அன்று மெம்பிஸ் பஸ்களில் கறுப்பருக்குத் தனி இடம்; வெள்ளையருக்குத் தனி இடம். ஆனால் இசைத்தட்டில் இருவர் பாட்டும் முதுகோடு முதுகு ஒட்டி நின்றன!

எல்விஸ் கோடீசுவரர் ஆனார். கிரடப்? கூலி வேலை செய்தே காலம் தள்ளினார். 1974-ல் இறக்கும்வரை, பாட்டுக்கு உரிய பணம் முழுவதும் அவர் கைக்கு வந்து சேரவில்லை.

இசை கலந்தது. காசு கலக்கவில்லை!